கழுவக் கழுவ ஏன் நாறுகிறது? ஆமைத் தொட்டித் தண்ணீரின் கணக்கு

சென்னை கொளத்தூர் மீன் சந்தையிலும் ஊர் ஊராக இருக்கும் அக்வேரியம் கடைகளிலும் உள்ளங்கை அகலம்கூட இல்லாத பச்சைக் குட்டி ஆமைகள் விற்பனைக்கு இருக்கும். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு ஓடும். ரெட் இயர்டு ஸ்லைடர் என்பது பெயர். தமிழில் சிவப்புக் காது ஆமை என்று சொல்லலாம். அதோடு, நடுவில் பிளாஸ்டிக் தென்னை மரம் நட்ட சிறு தொட்டி ஒன்றையும் சேர்த்துக் கொடுப்பார்கள்.

மூன்றாம் நாள் நாற்றம் தொடங்கும். ஞாயிற்றுக்கிழமை மொத்தத்தையும் வெளியே எடுத்து, கூழாங்கற்களைச் சல்லடையில் கொட்டித் தேய்த்து, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் வெள்ளையாகும் வரை பிழிந்து, மாடி வெயிலில் காயவைத்து, புதுத் தண்ணீர் நிரப்புவார்கள். புதன்கிழமை மறுபடியும் அதே நாற்றம். 'அழுக்குப் பிராணி' என்று ஆமை பெயர் வாங்கிக்கொள்ளும். உண்மையில் குற்றம் பெரும்பாலும் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கழுவலில்தான் இருக்கிறது. ஏன் என்பது புரிய, தண்ணீருக்குள் நடப்பதை அடியிலிருந்து பார்க்க வேண்டும்.

ஒரு கிராம் தீனி என்ன ஆகிறது?

நிலத்தில் வாழும் ஆமைகள் தண்ணீரை மிச்சம் பிடிப்பதற்காக, கழிவு நைட்ரஜனை யூரிக் அமிலமாக, வெள்ளைக் களிம்புபோல வெளியேற்றும். நீராமைக்கு அந்தக் கவலை இல்லை. யூரியாவாகவும் அம்மோனியாவாகவும் நேராகத் தண்ணீரில் விட்டுவிடும். யூரியாவும் சிறிது நேரத்தில் உடைந்து அம்மோனியா ஆகும். போதாததற்கு, இந்த ஆமை தண்ணீருக்குள் இருந்தால்தான் விழுங்கும். நகத்தால் கிழித்துச் சிதறவிட்டுத்தான் தின்னும். அந்தத் துணுக்குகளும் அழுகி அம்மோனியாதான்.

புரதத்தின் எடையில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன். 40 சதவீதம் புரதம் உள்ள தீனி 1 கிராம் போட்டால் அதில் 64 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கிறது. அதில் பாதி மட்டும் தண்ணீரில் கலக்கிறது என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம்: 32 மில்லிகிராம்.

தென்னை மரத் தொட்டியில் 5 லிட்டர் பிடிக்கும் என்றால், ஒரே நாளில் லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்கு மேல். அதே தீனி 150 லிட்டர் தொட்டியில் விழுந்தால் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம். ஆமை அதேதான், தீனியும் அதேதான். வித்தியாசம் முப்பது மடங்கு.

ஊர்ப்பக்கம் கிணற்றில் ஆமை விட்டு வைத்திருந்த வீடுகள் உண்டு. அங்கே யாரும் ஃபில்டர் போட்டதில்லை, நாற்றமும் அடித்ததில்லை. மூன்று மீட்டர் விட்டமுள்ள கிணற்றில் மூன்று மீட்டர் தண்ணீர் நின்றால் அது சுமார் 21,000 லிட்டர். கல்லிடுக்கு பாசி, ஊற்று, இறைப்பு எல்லாம் சேர்ந்து ஓர் ஆமையின் கழிவை இருந்த இடம் தெரியாமல் ஆக்கிவிடும். (இன்று அப்படிச் செய்யக் கூடாது. பால் ஆமை போன்ற நம் நாட்டு ஆமைகளைப் பிடிப்பதும் வளர்ப்பதும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.)

வளர்ப்பவர்களிடையே புழங்கும் அளவு இது: ஓட்டின் நீளத்தில் ஓர் அங்குலத்துக்கு 10 கேலன், அதாவது 38 லிட்டர். நாலு அங்குல ஆமைக்கு 150 லிட்டர். பெண் ஆமை முழுதாக வளர்ந்தால் 25 முதல் 30 சென்டிமீட்டர் வரும். அப்போது 400 லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். சொன்னால் அந்தக் குட்டித் தொட்டி விற்காது.

அசல் துப்புரவுத் தொழிலாளர்கள்

அம்மோனியாவைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் உண்டு. வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது.

1. நைட்ரோசோமோனாஸ் போன்றவை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சுதான்.

2. நைட்ரோஸ்பைரா போன்றவை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் ஒப்பளவில் சாது. மிகவும் குவிந்தால்தான் தொல்லை.

நைட்ரேட்டைச் சாதாரணத் தொட்டியில் தின்ன ஆளில்லை. செடி கொஞ்சம் எடுக்கும். ஆமை அந்தச் செடியையே தின்றுவிடும். ஆகவே நைட்ரேட் வாளி வழியாகத்தான் வெளியே போக வேண்டும்.

முடிச்சு எங்கே இருக்கிறது என்றால், இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பது சொற்பம். ஸ்பாஞ்சின் துளைகளில், ஃபில்டருக்குள் போடும் செராமிக் வளையங்களில், கூழாங்கல்லில், கண்ணாடியில் வழுவழுப்பாக ஒட்டி வாழ்கின்றன. நாம் 'வழுக்குது, அழுக்கு' என்று தேய்த்தெடுப்பதில் அவையும் சேர்ந்தே போகின்றன. தண்ணீரை மாற்றினால் அவற்றுக்குப் பெரிய நட்டமில்லை. கல்லைச் சோப்பில் தேய்த்து, ஸ்பாஞ்சைக் குளோரின் தண்ணீரில் பிழிந்து, வெயிலில் காயப்போட்டால் மொத்தக் குடியிருப்பும் போச்சு.

மற்ற பாக்டீரியாபோல இவை மணிக்கணக்கில் பெருகுவதில்லை. புதுத் தொட்டியில் முழுப் படையும் அமைய சாதாரணமாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். வாராவாரம் கழுவுகிறவர் வீட்டில் அந்தக் காலம் முடிவதே இல்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் முதல் நாள்தான்.

சரியான கழுவல் இது: தண்ணீர் மாற்றும்போது உறிஞ்சி எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே ஒரு மக்கில் ஸ்பாஞ்சை இரண்டு மூன்று முறை பிழிய வேண்டும். முதல் டிக்காஷன்போலக் கருப்பாக இறங்கும். தண்ணீர் தடையில்லாமல் ஓடும் அளவுக்குப் பிழிந்தால் போதும். ஸ்பாஞ்ச் பழுப்பாகவே இருக்கட்டும். இரண்டு ஸ்பாஞ்ச் இருந்தால் இந்த வாரம் ஒன்று, அடுத்த முறை மற்றொன்று. செராமிக் வளையங்களை மாதக்கணக்கில் தொடவே வேண்டாம். மூக்கும் ஒரு கருவிதான்: நல்ல ஸ்பாஞ்சில் மழை பெய்த மண்வாசனை வரும். அழுகிய முட்டை வாடை வந்தால் உள்ளே காற்றில்லாமல் கெட்டுப்போயிருக்கிறது.

ஒரே அளவு அம்மோனியா, இரண்டு விளைவு

தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் 'அம்மோனியா 1' என்று காட்டினால் பயப்பட வேண்டுமா? அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தண்ணீரில் அம்மோனியா இரண்டு உருவத்தில் இருக்கும். ஒன்று நஞ்சான அம்மோனியா. இன்னொன்று ஏறக்குறைய தீங்கில்லாத அம்மோனியம். கிட் இரண்டையும் கூட்டித்தான் காட்டும். எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பி.ஹெச்., அதாவது தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் அளவு (7 நடுநிலை, கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம்).

25 டிகிரி வெப்பத்தில், பி.ஹெச். 7 என்றால் மொத்தத்தில் நஞ்சு அரை சதவீதம்தான். 8 என்றால் 5 சதவீதம். 9 என்றால் 36 சதவீதம். வெப்பம் ஏற ஏற இந்தப் பங்கும் ஏறும்; சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தொட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

புதிதாகக் கட்டிய சிமெண்ட் தொட்டியில் ஆமையை விட்டவர்கள் மாட்டிக்கொள்வது இதனால்தான். சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து பி.ஹெச்.சை 9-க்கு மேலே தூக்கும். மீன் வளர்ப்பவர்கள் புதுத் தொட்டியில் வாழைத்தண்டை வெட்டிப் போட்டு நாள்கணக்கில் ஊறவைத்து, கொட்டி, மறுபடி நிரப்புவது வெறும் சம்பிரதாயம் இல்லை. ஆமைத் தொட்டிக்கும் அதே பக்குவம் வேண்டும். பி.ஹெச். 8-க்கு இறங்கிவிட்டதைப் பார்த்த பிறகு ஆமையை விடலாம்.

ஆர்.ஓ. தண்ணீர் என்னும் பொறி

'ஆமைக்கு நல்ல தண்ணீர்தான் கொடுக்கிறோம், ஆர்.ஓ.' என்பார்கள். நல்லெண்ணம்தான், ஆனால் கணக்கு உதைக்கிறது.

பாக்டீரியா அம்மோனியாவை மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. அதைத் தாங்கிக்கொள்ளத் தண்ணீரில் காரத்தன்மை என்ற கையிருப்பு இருக்க வேண்டும். அம்மோனியா நைட்ரஜன் 1 மில்லிகிராம் மாறினால் சுமார் 7 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகும். ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு 30 மில்லிகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 30 லிட்டர் தொட்டி, நாளுக்கு அதே 1 கிராம் தீனி என்றால், கையிருப்பு நாலே நாளில் காலி. இனி நடப்பது இதுதான்:

1. பி.ஹெச். 6.5-க்குக் கீழே சரியும். பாக்டீரியா சோர்ந்து வேலையைக் குறைக்கும்.

2. அம்மோனியா குவியத் தொடங்கும். அமிலத் தண்ணீர் என்பதால் அம்மோனியமாகவே கிடக்கும். ஆமை சாதாரணமாக இருக்கும்; வாடையும் வராது.

3. ஒருநாள் கேன் வராது. போர் தண்ணீரை நிரப்புவார்கள். அதன் பி.ஹெச். 8 இருக்கும். குவிந்து கிடந்ததில் நஞ்சின் பங்கு சுமார் 30 மடங்கு எகிறும்.

4. 'போர் தண்ணீர் ஒத்துக்கல' என்று தீர்ப்பாகும்.

இந்த ஆமைக்கு ஓரளவு கடினத் தண்ணீர் கெடுதல் செய்யாது. வெள்ளைக் கறை படிந்தால் கண்ணாடிதான் அசிங்கமாகும், ஆமைக்கு ஒன்றுமில்லை. ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுக் குழாயை ஏக்கத்தோடு பார்ப்பவர்களுக்கு: அதை நேராக ஊற்றாதீர்கள், உப்பு குவிந்த தண்ணீர் அது. மிக உப்பான போர் தண்ணீர் என்றால் ஆர்.ஓ.வைப் பாதிக்குப் பாதி கலக்கலாம். ஆனால் எதை ஊற்றினாலும் ஒவ்வொரு முறையும் அதே விகிதத்தில் ஊற்றுங்கள்.

மெட்ரோ வாட்டரில் இருப்பது வேறு பிரச்சினை. குடிநீருக்கான இந்தியத் தரப்படி குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். ஆமையை அது ஒன்றும் செய்துவிடாது. கிருமியைக் கொல்லத்தான் குளோரின். நம் ஸ்பாஞ்சில் இருப்பதும் அதன் கண்ணுக்குக் கிருமிதான். அகன்ற வாளியில் ஒருநாள் திறந்து வைத்தால் பறந்துவிடும். காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் போட்டால் இன்னும் சீக்கிரம். அவசரத்துக்குக் கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டு போதும். லாரித் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை தூக்கலாக இருந்தால் இரண்டையும் செய்துவிடுவது நல்லது.

காற்று ஆமைக்கு அல்ல

ஆமைக்கு நுரையீரல் உண்டு. தலையை வெளியே நீட்டி மூச்சு விடும். அதனால் 'ஏர் பம்ப் எதற்கு?' என்ற கேள்வி வரும். ஏர் பம்ப் பாக்டீரியாவுக்கு. அம்மோனியா நைட்ரஜன் 1 மில்லிகிராமை நைட்ரேட்டாக்க நாலரை மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். வெயில் காலத்தில் ஆமை அதிகம் தின்னும், கழிவு கூடும், ஆக்சிஜன் குறையும். மூன்றும் ஒரே நேரத்தில். மே மாதத்தில் திடீரென்று தொட்டி நாறுவதற்குக் காரணம் இதுவே.

மின்வெட்டும் இதில் சேரும். மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் நின்றுவிட்டால் உள்ளே இருக்கும் ஆக்சிஜனைப் பாக்டீரியாவே சில மணி நேரத்தில் தீர்த்துவிடும். அப்புறம் உள்ளே அழுகல். நீண்ட வெட்டுக்குப் பிறகு கரண்ட் வந்ததும் சுவிட்சைப் போட்டால் அந்தக் கறுப்புத் தண்ணீர் மொத்தமும் தொட்டிக்குள் பாயும். முதலில் கேனிஸ்டரில் உள்ளதைக் கொட்டிவிட்டு, பிறகு ஓடவிடுங்கள்.

ஃபில்டர் பெட்டியில் '100 லிட்டர் தொட்டிக்கு' என்று அச்சிட்டிருப்பது மீன் கணக்கு. ஆமைக்கு அதன் இரண்டு மூன்று மடங்கு வாங்க வேண்டும். நூறு லிட்டர் தொட்டிக்கு 200 முதல் 300 லிட்டர் என்று போட்டது. இங்கே காசு மிச்சம் பிடித்தால் அதை வாளி தூக்கியே கழிக்க வேண்டியிருக்கும்.

எவ்வளவு தண்ணீர், எத்தனை நாளுக்கு ஒருமுறை?

'வாரம் கால்வாசி மாற்று' என்பது வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை. அது மீன் தொட்டியிலிருந்து வந்தது. உங்கள் தொட்டியில் வாரத்துக்கு நைட்ரேட் லிட்டருக்கு 20 மில்லிகிராம் கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாராவாரம் கால்வாசி மாற்றினால், மாற்றுவதற்கு முந்தைய அளவு மெல்ல மெல்ல ஏறி 80-இல் போய் நிலைக்கும். பாதி மாற்றினால் 40-இல் நிலைக்கும். 40-க்குள் வைப்பதுதான் பொதுவான இலக்கு. ஆகவே ஆமைக்குப் பாதி. அம்மோனியாவும் நைட்ரைட்டும் மட்டும் எப்போதும் பூச்சியம் காட்ட வேண்டும்.

இன்னொன்று: குடிநீரில் நைட்ரேட்டுக்கு அனுமதிக்கப்பட்ட உச்சம் 45. விவசாய நிலங்களைச் சுற்றிய கிணறுகளில் அதைத் தாண்டியும் இருக்கலாம். தொட்டியைச் சோதிக்கும் முன் குழாயைச் சோதியுங்கள். ஊற்றுவதிலேயே 50 இருந்தால் எத்தனை வாளி மாற்றினாலும் 50-க்குக் கீழே இறங்காது.

ஆவியாகிக் குறைந்த தண்ணீரை நிரப்புவது, தண்ணீர் மாற்றுவதாகாது. ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பும் நைட்ரேட்டும் அங்கேயே தங்கும். மோரைக் காயவிட்டு மறுபடி மோரே ஊற்றுவதுபோல.

தெளிவு என்பது சுத்தம் அல்ல

அம்மோனியாவுக்கு நிறமில்லை. கண்ணாடிபோல இருக்கும் தண்ணீரில் ஆமை கண்ணைத் திறக்க முடியாமல் கிடக்கும். மறுபக்கம், பச்சையாக இருப்பது பாசி. ஆமைக்குப் பெரிய கெடுதல் இல்லை, வெளிச்சத்தைக் குறைத்தால் போகும். புதுத் தொட்டியில் பால் கலந்ததுபோல வெண்மை வந்தால் அது மிதக்கும் வேறு வகை பாக்டீரியா. சில நாளில் தானே தெளியும், அதைப் பார்த்து எல்லாவற்றையும் கொட்டிக் கழுவினால் மறுபடி ஆரம்பம். மரக்கட்டையால் வரும் டீ நிறம் கெடுதல் இல்லை. மேலே எண்ணெய்ப் படலம் என்றால் தீனி அதிகம். கால்மணி நேரத்தில் தின்னாததை வலையால் அள்ளிவிடுங்கள்.

உடம்பில் தெரிவதைப் படிப்பது கொஞ்சம் கடினம். வீங்கி மூடிய கண்ணுக்கு மோசமான தண்ணீரும் காரணமாகலாம், வைட்டமின் ஏ குறைவும் காரணமாகலாம். முதலில் அம்மோனியாவைச் சோதியுங்கள். பூச்சியம் என்றால் தீனியைப் பாருங்கள். ஓட்டில் மெல்லிய, கண்ணாடித்தாள் போன்ற செதில் உரிவது வளர்ச்சி. குழி விழுந்து, மெத்தென்று, நாற்றத்தோடு இருந்தால் ஓடு அழுகுகிறது. தண்ணீரை மட்டும் மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது, ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். ஏறி முழுதாக உலர ஒரு மேடையும் அதற்கு மேல் வெயிலோ யு.வி. விளக்கோ இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல தண்ணீரிலும் ஓடு கெடும். ஒரு எச்சரிக்கை: பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். நோயும் ஃபில்டரும் சேர்ந்தே போகும். ஆமையைத் தனி டப்பில் வைத்து வைத்தியம் பாருங்கள்.

கொட்டும் தண்ணீர்

ஆரோக்கியமான ஆமைகூட சால்மோனெல்லா என்ற கிருமியைச் சுமக்கலாம். அதற்கு ஒன்றும் செய்யாது, நமக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும். குழந்தைகள் குட்டி ஆமையை வாயில் வைத்து நோய்ப்பட்டதால்தான், அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமை விற்பனைக்கு 1975-இல் தடை வந்தது. நல்ல ஃபில்டரும் பூச்சியம் அம்மோனியாவும் இந்தக் கிருமியை ஒழித்துவிடாது.

எனவே, சில கட்டாயங்கள்:

1. டியூபை வாயால் உறிஞ்சித் தண்ணீரை இறக்காதீர்கள். நம் வீடுகளில் எல்லோரும் செய்வது அதுதான். டியூபை முழுதாகத் தொட்டிக்குள் முக்கி, நிரம்பியதும் ஒரு முனையை விரலால் அடைத்து வெளியே எடுத்து, வாளிக்குள் இறக்கி விரலை விட்டால் தானே ஓடும்.

2. சமையலறைத் தொட்டியில் எதையும் கழுவ வேண்டாம். ஆமைக்கு என்று ஒரு வாளி, ஒரு மக். பெயின்டால் குறி போட்டு வையுங்கள். இல்லையென்றால் விருந்தினர் வந்த அன்று அது குளியலறைக்குப் போய்விடும்.

3. ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள் ஆமையையோ தொட்டித் தண்ணீரையோ தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. வெளியேற்றும் தண்ணீரில் உள்ள நைட்ரேட் நல்ல உரம். செம்பருத்திக்கும் தென்னைக்கும் ஊற்றலாம். பச்சையாகத் தின்னும் புதினா, கொத்தமல்லிக்கு மட்டும் கூடாது.

ஆமையையே கோயில் குளத்திலோ ஏரியிலோ கொட்டிவிடுவது, இந்த வேலையெல்லாம் அலுத்தவர்கள் எடுக்கும் முடிவு. உலகின் மோசமான 100 அயல் ஊடுருவி உயிரினங்கள் என்று ஐ.யு.சி.என். என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் வல்லுநர் குழு தொகுத்த பட்டியலில் சிவப்புக் காது ஆமையும் இருக்கிறது. இருபது முப்பது ஆண்டு வாழும். குளத்தில் விட்டால் தீனியிலும் வெயில் காயும் கல்லிலும் பால் ஆமைக்குப் போட்டியாக அத்தனை ஆண்டும் இருக்கும். அதிர்ஷ்டத்துக்காகத்தான் வீட்டில் ஆமை வேண்டும் என்றால் வாஸ்து கடையில் பித்தளையில் கிடைக்கிறது. அதற்கு ஃபில்டர் தேவையில்லை.